சிவப்பு மாத்திரைக்குப் பத்தியம்

உங்கள் அம்மாவுக்கு மருந்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பத்தியத்தின் மேல்தான் நம்பிக்கை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வந்து நீட்டினால், அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "இதுக்கு என்ன ஆகாது?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்ல, எல்லாம் சாப்பிடலாம்" என்றால் அந்த மாத்திரைக்கு அவளிடம் பாதி மரியாதை போய்விடும். நம்மிடம் எதையும் விலக்கச் சொல்லாத மருந்து உடம்புக்குள் போய் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்பது அவள் எண்ணம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வண்டி ஓட்டப் போனவன். தக்காளிப் பெட்டியின் மேல் ஊர்ப்பெயர் எழுதியதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் போன மாதம் பெரியவள் போனில், "யப்பா, நான் பத்தாவது படிக்கயில அம்மாவுக்கு வாயில என்னமோன்னு டாக்டர்ட்டப் போனீங்கள்ல, அது என்னப்பா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் உங்கள் இருவரிடமும் நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பரீட்சை இருந்தது. எங்களுக்குப் பயம் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. அதனால் எழுதுகிறேன். பெரியவளே, படித்துவிட்டுச் சின்னவனுக்கும் அனுப்பிவிடு.

மஞ்சள் காமாலையிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவள் இன்னும் தவழ ஆரம்பிக்காத நேரத்தில், எனக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒருவர் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் அம்மா என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனாள். அவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, உப்பு, புளி, எண்ணெ மூணும் ஆகாதுங்க. நான் சொல்ற வரைக்கும் நாக்க அடக்கோணுங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் அம்மாவின் முகம் தெளிந்தது. "மருந்துன்னா இதுதான்" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் தாளிப்புச் சத்தம் நின்றது. எனக்கு மட்டும் இல்லை, அவளுக்கும்தான். ஒருவருக்குப் பத்தியம் என்றால் வீட்டுக்கே பத்தியம் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். "பக்கத்துல ஒருத்தி மீன்கொழம்பு வச்சுத் தின்னா வாசத்துக்கே உங்களுக்கு வாயூறும். வாயூறுனாப் பத்தியம் முறிஞ்ச மாதிரிதான்" என்றாள். பால் கொடுக்கிறவள் உப்பில்லாச் சோறு தின்னலாமா என்று சித்தையன்கோட்டையிலிருந்து வந்த அவள் அம்மா சத்தம் போட்டார். "அவருக்கு நாக்கு இல்லியா? எனக்கு மட்டுந்தான் இருக்கா?" என்று பதில் சொல்லிவிட்டு, வெறும் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் தேறி வண்டி ஏறியது கீழாநெல்லியாலா, அந்த உப்பில்லாத சோற்றாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்கு விட முடியாத பழக்கம் ஒன்று இருந்தது. புகையிலை. கல்யாணத்துக்கு முன்பு திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் இலையைக் கிழித்துக் கட்டும் வேலை பார்த்தவள். அந்தக் கிட்டங்கிக்குள் மூட்டை மூட்டையாகச் சரக்கு கிடக்கும், நெடி தலைக்கு ஏறும். ஒரு துணுக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தலைச்சுற்றல் தெரியாது என்று பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த அக்கா ஒருவர் பழக்கிவிட்டிருக்கிறார். வேலையை விட்டு, கல்யாணமாகி, நீங்கள் இருவரும் பிறந்த பிறகும் அந்தத் துணுக்கு மட்டும் அவள் இடது கன்னத்தை விட்டுப் போகவில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் வட்டமான தகர டப்பி ஒன்று எப்போதும் இருக்கும். சின்னவன் ஒன்றாம் வகுப்பில் அம்மா படம் வரைந்தபோது ஒரு கன்னத்தை மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு உப்பலாக வரைந்தான். "ஒங்கம்மாவுக்குப் பல் வலியா?" என்று டீச்சர் கேட்டாராம். அம்மா என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

நான் விடச் சொன்னால், "மொதல்ல உங்க பீடிய விடுங்க, பெறகு என் டப்பிக்கு வாங்க" என்பாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அப்போது நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குழம்பு, வெஞ்சனம் எதையும் தொடுவதில்லை என்பதை முதலில் கவனித்தது பெரியவள்தான். "யப்பா, அம்மா மோரும் சோறுமாவே திங்கிது. நீங்க பாத்தீங்களா?" என்றாள். நான் பார்த்திருக்கவில்லை. கேட்டதற்கு, "காரம் எரியுது. வெயில் சூடு" என்றாள் உங்கள் அம்மா. வெயில் போய் ஐப்பசி மழையும் வந்துவிட்டது. எரிச்சல் போகவில்லை.

ஒரு நாள் காலையில் லோடு இறக்கிவிட்டு வந்து வாசலில் வேனை நிறுத்தியிருந்தேன். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அவள் வேனின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயை அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி கண்ணாடிய விட்டு நகர மாட்டேங்கிற?" என்று கேலி செய்தேன். மற்ற நாளாக இருந்தால் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று, "ஏங்க, இங்க செத்த வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இடது கன்னத்தின் உள்பக்கம், புகையிலை உட்காரும் அதே இடத்தில், கஞ்சி காய்ந்து ஒட்டியது போல வெள்ளையாக ஒரு திட்டு. நகத்தால் சுரண்டிக் காட்டினாள். வரவில்லை.

"கிட்டங்கி அக்காவுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றாள்.

அந்த அக்காவை நானும் பார்த்திருக்கிறேன். கடைசி மாதங்களில் கன்னத்தில் துணி வைத்துக் கட்டியிருந்தார். தண்ணீர் குடித்தால் துணி நனையும். உங்கள் அம்மா இளநீர் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நோயின் பெயரை அன்று வேனுக்குப் பக்கத்தில் நின்றபோது நாங்கள் இருவரும் சொல்லவில்லை. மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது.

வாய்க்குள் எது என்றாலும் முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா புகையிலை போடுறீங்கம்மா?" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்து" என்றாள் உங்கள் அம்மா, என் மேல் பழி எதுவும் வந்துவிடக் கூடாது என்பது போல. கன்னத்திலிருந்து துளிச் சதையை எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். முடிவு வரும்வரை எந்த ஊரில் பெட்டியை இறக்கினேன், யாரிடம் என்ன பேசினேன் என்று எதுவும் எனக்கு நினைவில்லை. பெரியவள் சத்தம் போட்டுப் பாடம் படிப்பாள். உங்கள் அம்மா வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதுதான் நினைவிருக்கிறது.

முடிவு வந்த அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"புற்று இல்லை. அதனால பயப்படாதீங்க. ஆனா இந்த வெள்ளைத் திட்டை இப்படியே விட்டா, சில பேருக்குப் பின்னாடி புற்றா மாறுறது உண்டு. அதை வராமத் தடுக்கணும். புகையிலையை விட்டுருங்கம்மா. கூடவே ஒரு ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதித் தரேன்."

அது என்ன என்று நான் கேட்டேன். வாய்க்குள் நுழையாத பெயராக இருந்தது.

"வண்டி ஓட்டுறேன்னு சொன்னீங்கள்ல? வண்டியில துருப் பிடிக்கிற மாதிரி நம்ம உடம்புக்குள்ளயும் ஒரு வேலை நடந்துக்கிட்டே இருக்கு. புகையிலை அதை அதிகமாக்குது. அதைத் தாங்கிக்க உதவுற சத்துக்குத்தான் அந்தப் பேர். இந்த மாத்திரையில இருக்கறது தக்காளியோட சிவப்பு."

"தக்காளியா?" உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மனுசன் தெனம் ஒரு வண்டி கொண்டாறாரு. அத மாத்திரைக்குள்ள அடைச்சுத் திரும்ப எனக்கே குடுக்குறீங்களாக்கும்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "தக்காளி சாப்பிடுறதும் நல்லதுதாம்மா. இப்போ உங்க வாய்க்குப் புளிப்புப் பட்டா எரியும். மாத்திரைன்னா எரியாது, அளவாவும் இருக்கும்."

"இதச் சாப்பிட்டாச் சரியாப் போயிருமா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"சில பேருக்குத் திட்டு குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் குறையும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

படித்தவர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. எழுந்து வரும்போது உங்கள் அம்மா வழக்கம்போலக் கேட்டாள்: "இதுக்கு என்ன பத்தியம்?"

"பத்தியமெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாம் சாப்பிடலாம்" என்றார் டாக்டர், சிரித்த முகத்தோடு. வெளியில் அடுத்த ஆள் காத்திருந்தார். நாங்கள் படி இறங்கினோம்.

மாத்திரை நல்ல சிவப்பு, கொழுகொழுவென்று இருக்கும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மறக்காமல் போட்டுக்கொண்டாள். இடது கன்னம் ஒட்டிப்போய் இருந்ததைப் பார்த்து, புகையிலையை விட்டுவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் இடது கன்னத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு வலது கன்னத்தை இழுத்தார். முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது, இந்தப் பக்கமும் சிவந்திருக்கு? இன்னும் போடுறீங்களா?"

"எடது பக்கம் போடலையே" என்றாள் உங்கள் அம்மா. "அந்தப் பக்கத்துக்குத்தான மருந்து சாப்பிடுறேன். அதான் இங்கிட்டு மாத்திக்கிட்டேன்."

டாக்டர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நான் விடச் சொன்னேனேம்மா!"

"சொன்னீங்க. எல்லாருந்தான் சொல்றாக. பொட்டலத்துலயே எழுதியிருக்கு. இந்தா, இவரு பீடியக் குடிச்சுக்கிட்டே சொல்றாரு. ஆனா பத்தியம் என்னன்னு நான் கேட்டேன்ல? ஒண்ணும் கெடையாது, எல்லாம் சாப்பிடலாம்னு நீங்கதான சொன்னீங்க? மருந்துக்கு ஆகாதுன்னா அப்பயே சொல்லியிருக்கணும்ல?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். திட்டப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உங்கள் அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதும்மா. நான் ஒழுங்காச் சொல்லலை. இந்த மருந்துக்குப் பத்தியம் உண்டு."

உங்கள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"புகையிலை ஆகாது. இடது பக்கமும் ஆகாது, வலது பக்கமும் ஆகாது. அதை வாயில வச்சுக்கிட்டு இதை முழுங்கினா, மாத்திரை தோத்துப்போயிரும்."

"பாக்கு?"

"ஆகாது."

"சுண்ணாம்பு?"

"ஆகாது."

"வெறும் வெத்தலையாவது?"

"வாய் ஆறட்டும்மா. இப்ப அதுவும் வேணாம்."

ஒவ்வொரு ‘ஆகாது’க்கும் அந்த மாத்திரையின் மேல் அவளுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனதை நான் கண்ணால் பார்த்தேன். படி இறங்கும்போது, "இப்பத்தான் இது மருந்து" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பியில் இருந்த புகையிலையைச் சாக்கடையில் கொட்டினாள். டப்பியைத் தூக்கிப் போடச் சொன்னேன். "டப்பி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று புளியும் சாம்பலும் போட்டு நெடி போகும்வரை தேய்த்து வெயிலில் காயவைத்தாள். பிறகு மாத்திரை அட்டையைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி அதற்குள் போட்டு, பழையபடி சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கை டப்பியைத் தேடினால் அங்கே மருந்து இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அன்று சாயங்காலம் நான் வாசலில் நின்று பீடியைப் பற்றவைத்தேன். அவள் வெளியே வந்தாள். "வீட்டுல பத்தியம் நடக்குது" என்றாள்.

"ஒனக்குத்தான பத்தியம்?"

"காமாலையப்ப எனக்கா பத்தியம் இருந்துச்சு?"

பீடியை அணைத்தேன். தீப்பெட்டி அடுப்படிக்குப் போனது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காரணம்தான் உங்களுக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, ஒரே நேரத்தில் எரிச்சல். ரசத்தில் உப்புக் கம்மி என்று நான் சொன்னதற்குக் கரண்டி பறந்தது. சின்னவன் வாசலிலேயே நின்று, "யக்கா, இன்னைக்கு யாரு கோவம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். கன்னத்தில் எதையாவது அடக்காமல் இருக்க முடியாமல் அவள் தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறி வைத்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். நான் வண்டி எடுக்கும்போது எனக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள்.

மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்கள் என்னை விட்டுவைக்கவில்லை. "என்னண்ணே, பீடி போயித் தேங்கா வந்துருச்சு? நாளைக்கு வாழப்பழம் சூடத்தோட வருவீங்களோ?"

"வீட்டுல பத்தியம்ப்பா" என்றேன்.

"பத்தியமா? அண்ணிக்குக் கொழந்த பொறந்துருக்கா? சொல்லவே இல்ல!"

இல்லை என்று நான் சொல்வதற்குள் சேதி மார்க்கெட்டைச் சுற்றிவிட்டது. ஒரு வாரம் போவோர் வருவோரெல்லாம் என்ன குழந்தை என்று கேட்டார்கள். அதை வீட்டில் வந்து சொன்னபோது உங்கள் அம்மா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "வாயத் தொறந்து சிரிக்க முடியுதுங்க. எரியல" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. என்னைப் பார்த்தாள். காகிதத்தில் மிச்சமிருந்த தேங்காய்ச் சில்லை அவளிடம் நீட்டினேன்.

அந்தத் தை மாதம் சித்தையன்கோட்டையில் அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எனக்குப் போகவே பயம். சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றவிடுவார்கள். தட்டில் புகையிலை இல்லாமல் இருக்காது. நீட்டுகிறதை வேண்டாம் என்றால் மனத்தாங்கல் வரும். நான் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டு அவளிடம் வந்தது. அவள் கை நீளவில்லை.

"ஏண்டி, டவுனுக்குப் போனதும் எங்க வெத்தல கசக்குதாக்கும்?" என்று அவள் சின்னாத்தா கேட்டார். "பல்லு வெள்ளையா இருந்தாத்தான் புருசன் வண்டியில ஏத்துவாரோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்ல சின்னாத்தா, மருந்து சாப்பிடுறேன். பத்தியம்."

சிரிப்பு அப்படியே நின்றது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்னடி? ஏ, அந்தத் தட்ட அங்கிட்டுத் தள்ளுங்க. அவ பக்கத்துல ஒக்காந்து மெல்லாதீக, வாயூறும்" என்று சின்னாத்தாவே விரட்டினார். அவர் வாயில் போட்டிருந்ததையும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது வேனில் உங்கள் அம்மா சொன்னாள்: "விட்டுட்டேன்னு சொல்லியிருந்தா ஒருத்தியும் விட்டுருக்க மாட்டா. ஒண்ணுல என்ன வந்துரும்னு வாயில திணிச்சிருப்பாளுக. பத்தியம்னதும் அம்புட்டுப் பேரும் எனக்குக் காவலுக்கு வந்துட்டாளுக, பாத்தீங்களா?"

கோடை தொடங்கும்போது டாக்டர் மறுபடி பார்த்தார். திட்டு இருந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடுதான் மிச்சம். வலது பக்கச் சிவப்பும் போய்விட்டது. டாக்டருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் மாத்திரையாலா என்று கேட்டேன்.

"மாத்திரையும் உதவியிருக்கலாம். புகையிலை நின்னதுதான் பெரிசுன்னு நினைக்கிறேன். ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது."

எனக்கு அது விளங்கியது. வண்டியின் அடிப்பக்கம் துருவேறினால் நாங்கள் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடிப்போம். நல்ல சாமான்தான். ஆனால் துருவைச் சுரண்டாமல், தண்ணீர் இறங்குகிற ஓட்டையை அடைக்காமல், மேலே மட்டும் பூசினால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

"கையில இருக்கற மாத்திரையை முடிச்சிட்டு நிறுத்திருங்கம்மா" என்றார் டாக்டர். "தேவையில்லாம வருஷக்கணக்காச் சாப்பிடுறதும் நல்லதில்ல. ஆறு மாசத்துக்கு ஒருதடவை வாயைக் கொண்டாந்து காட்டினாப் போதும்."

வேனில் ஏறி உட்கார்ந்ததும், "அப்ப மருந்து முடியப் போகுது" என்றாள் உங்கள் அம்மா. பத்தியம் என்பது மருந்து இருக்கிற வரைக்கும்தான். காமாலை மருந்து முடிந்து பத்தியம் முறித்த அன்று அவள் வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசம் தெருக்கோடி வரை போனது. அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறவள் முறிக்கும்போதும் அவ்வளவு ஆசையோடு முறிப்பாள். இந்தப் பத்தியத்தை முறித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கிட்டங்கி அக்காவின் கன்னத்துத் துணி கண் முன்னால் வந்து நின்றது.

அவளுக்குத் தெரியாமல் நான் மட்டும் மாடி ஏறி டாக்டரிடம் போனேன். "இன்னும் ரெண்டு அட்டை எழுதிக் குடுங்க டாக்டரம்மா. மருந்து நின்னாப் பத்தியம் நின்னுரும்" என்று கெஞ்சினேன். அவர் யோசித்தார். "தேவையில்லாத மருந்தை நான் எப்படிங்க எழுதறது? அவங்ககிட்டயே மனசு விட்டுப் பேசுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குழாயடிக்குப் போகும் நேரத்தில் டப்பியைத் திறந்து பார்ப்பேன். மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் ஒன்றே ஒன்று கிடந்தது.

மறுநாளும் ஒன்று கிடந்தது. அடுத்த நாளும்.

பொறுக்க முடியாமல் அடுப்படிக்கே போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மாத்திரை சாப்பிடலையா நீ?"

"சாப்பிட்டாத் தீந்துரும்ல."

"தீரத்தான வேணும்?"

"தீந்தாப் பத்தியம் முடிஞ்சிரும். முடிஞ்சா அன்னைக்கே கை தேடும். என்னய எனக்குத் தெரியாதா?" வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "அது அங்கனயே கெடக்கட்டும். யாரும் தட்ட நீட்டுனா நான் பொய்யும் சொல்ல வேண்டியதில்ல. மருந்து இன்னும் மிச்சம் இருக்குல்ல?"

நான் மாடி ஏறிக் கெஞ்சியதை அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னால்தான் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது வசதியாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வாயைக் காட்டுவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. ஒருதடவை அவர், "மாத்திரையெல்லாம் முடிச்சிட்டீங்கள்ல?" என்று கேட்டபோது உங்கள் அம்மா டப்பியைத் திறந்து நீட்டினாள். விஷயம் புரிந்ததும் டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அட்டைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலாவதி ஆயிருக்கும்மா. இதை மட்டும் என்னைக்கும் முழுங்கிராதீங்க" என்றார்.

"அதுக்கும் பத்தியமா டாக்டரம்மா?" என்றாள் உங்கள் அம்மா.

இப்போதெல்லாம் பெரிய டப்பாக்களில் பொடியும் மாத்திரையும் கொண்டுவந்து, ஆன்டி ஆக்ஸிடன்ட், எல்லா நோயையும் தடுக்கும் என்று வீடு வீடாக விற்கிறார்கள். போன வருடம் டை கட்டிய ஒரு தம்பி நம் வீட்டுக்கும் வந்தார். உங்கள் அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு என்ன பத்தியம் தம்பி?" என்றாள். "ஒண்ணுமே இல்லம்மா, எதை வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றார் அவர், பெருமையாக. அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

சின்னவனே, உன் நண்பர்கள் சிகரெட்டை நீட்டினால் என்ன சொல்வது என்று தெரியாமல் போனால் வீட்டில் பத்தியம் நடக்கிறது என்று சொல். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெரியவளே, பொங்கலுக்கு வந்து வீட்டை ஒதுக்கும்போது அந்தத் தகர டப்பி கைக்குக் கிடைத்தால், பழைய மாத்திரை என்று தூக்கிப் போட்டுவிடாதே. சிவப்பு கறுத்து, பழுத்த நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் இருக்கட்டும். அந்த டாக்டருக்கும், சித்தையன்கோட்டைச் சின்னாத்தாவுக்கும், நான் தினமும் சுமந்த தக்காளிக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எனக்குப் பீடி நின்றதும் அந்த மாத்திரையால்தான். நான் அதை நாக்கில்கூட வைத்ததில்லை.

இன்று காலையும் வண்டி எடுக்கும்போது உங்கள் அம்மா வாசலுக்கு வந்தாள். காகிதத்தில் மடித்த தேங்காய்ச் சில்லைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கக் கண்ணாடியை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு உள்ளே போனாள்.